ஆடிட்டு பொம்மை

மேடை ஏறிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழே உட்கார்ந்து பேசச் சொன்னால் ஒருத்தரையும் பேச விடமாட்டேன். இது தெரிந்துதான் தொழிற்சங்கத்துச் செல்வம் போன மாதம் வீட்டுக்கு வந்து, என்னை எழுதித் தரச் சொன்னார், கூட்டத்தில் அவரே படித்துவிடுவாராம். நாடுகள் ஒன்றிடம் ஒன்று சரக்கு வாங்கி விற்க உலகத்துக்குப் பொதுவாகச் சட்டதிட்டம் இருக்கிறதாம். அதில் தொழிலாளிக்கு நியாயம் கிடைக்கிற மாதிரி என்ன திருத்தலாம் என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறார்களாம். விருத்தாசலத்துக்கும் வருகிறார்களாம். கேட்க வருகிறவர்களுக்கு நாம்தான் டீ வாங்கித் தரணுமா என்று கேட்டேன். செல்வம் என் வாயை அறிந்தவர், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உலக வியாபாரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொம்மையும், தனம் என்கிற ஒருத்தியின் மூச்சும்தான். அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கேட்க வருகிறவர்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார்களோ, அது அவர்கள் பாடு.

நான் பிறந்தது கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனதும் இங்கே குடிவந்தோம். பீங்கான் பேட்டையில் வெளிநாட்டுக்குப் பொம்மை அனுப்புகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மண்கூழ் ஊற்றப் பழகினேன், அச்சுப் பிரிக்கப் பழகினேன், கடைசியில் ஃபினிஷிங்கில் உட்கார வைத்தார்கள். கம்பெனி மூடும் வரை அந்த மணையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

ஃபினிஷிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் பொம்மை சிறகு வைத்த தேவதை, விரல் நீளம் இருக்கும். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்களாம். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதைப் பிரித்ததும் பொம்மையின் இரண்டு பக்கத்திலும் தலையிலிருந்து கால் வரை ஒரு கோடு நிற்கும். ஜாயிண்ட் கோடு என்போம். சூளைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கோடு போக வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஈரப் பஞ்சு வைத்துத் துடைக்கலாம். தூசி பறக்காது, கோடும் அப்போதைக்கு மறைந்துவிடும். ஆனால் சூளையில் வெந்து வெளியே வந்தால் கோடு மறுபடி மேலே எழும்பி நிற்கும். அமுக்கின இடத்தை மண் மறக்காது என்பார் எங்கள் சூப்பர்வைசர் பரமசிவம் சார். இன்னொரு வழி, பொம்மை நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது. அப்படித் தேய்த்தால் கோடு போனது போனதுதான். ஆனால் தூசி முகத்துக்கு நேராக எழும்பும். சிறகு இடுக்கிலும் காது மடலிலும் தங்குகிற தூசியை வாயால் ஊதித் தள்ளுவோம். ஊதியது திரும்பி நம் மூக்குக்கே வரும். சாயங்காலம் கண்ணிமை முதல் ரவிக்கை வரை வெள்ளையாக எழுந்திருப்போம். அதைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறோம், பாவிகள்.

பரமசிவம் சார் கத்தி நான் கேட்டதில்லை. படித்த மனுஷன், அரசாங்கப் பயிற்சியில் பீங்கான் வேலை கற்றவர். எங்கள் தட்டிலிருந்து ஒரு பொம்மையை எடுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் நகத்தைத் தலையில் வைத்துக் காது, தோள், இடுப்பு என்று மெதுவாக இறக்குவார். நகம் எங்காவது தடுக்கினால் "நகம் நிக்குதும்மா" என்று சொல்லி, பொம்மையை எங்கள் மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். திட்டு கிடையாது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்து நாங்கள் இன்னும் அழுத்தித் தேய்ப்போம். தனத்தின் தட்டுக்கு வந்தால் மட்டும் கண்ணைத் திறந்தபடியே தாண்டிப் போவார். அவள் பொம்மையில் நகம் நின்றதே இல்லை. வாங்குகிறவனுக்குக் காட்ட மாதிரி அனுப்புவதென்றால் தனம் செய்ததுதான் போகும்.

தனம் எனக்கு அடுத்த மணை. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். ஒரே மகன், அவன் பெங்களூரில் கொத்து வேலை. அவள் சிரித்தால் சூளைக்காரர் எட்டிப் பார்ப்பார், அப்படிச் சிரிப்பாள்.

வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருத்தர் தரம் பார்க்க வருகிறவர். பொம்மையில் கோடு தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. இன்னொருத்தர் ஆடிட்டு பார்க்க வருகிறவர். தொழிலாளி மூக்கில் தூசி போகக்கூடாது, கதவு பூட்டியிருக்கக்கூடாது, குடிக்கத் தண்ணீர் இருக்கணும் என்று பார்ப்பார். அவர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். பீரோவிலிருந்து மாஸ்க் வெளியே வரும். எல்லார் முன்னாலும் ஈரப் பஞ்சும் தண்ணீர்க் கிண்ணமும் வரும். அன்றைக்கு மட்டும் நாங்கள் மனுஷ ஜாதி. ஈரத்தில் துடைப்போம், அவர் பார்த்துத் தலையாட்டுவார், கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்குச் செய்த பொம்மையெல்லாம் சூளையிலிருந்து கோட்டோடு வரும். தரம் பார்க்கிறவர் மொத்தமாகத் தள்ளிவிடுவார். தள்ளுபடியானதை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நாங்கள் அதற்கு ஆடிட்டு பொம்மை என்று பேர் வைத்திருந்தோம். பேட்டையில் வேலை பார்த்த பெண்கள் வீட்டு டி.வி. மேல் பார்த்தால் ஒன்றாவது நிற்கும். தெரியாத விருந்தாளி வந்தால் அழகாக இருக்கிறது என்பார். இரண்டு ஆளும் ஒரே கம்பெனிச் சம்பளம்தானே, ஈரத்தில் செய்த பொம்மையையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று பரமசிவம் சார் ஒரு தடவை தரம் பார்க்கிறவரிடம் கேட்டாராம். அது வேறு டிபார்ட்மெண்ட் என்று பதில் வந்ததாம். இதை எங்களிடம் சொல்லும்போதும் அவர் சத்தம் உயர்த்தவில்லை.

தனத்துக்கு இருமல் வந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, தூசியில் இருமாதவர் யார்? அப்புறம் ஆள் வற்றிப்போனாள். இங்கே பார்த்த டாக்டர் டி.பி. என்றார். மாத்திரை சாப்பிட்டாள். முடித்த பிறகும் இருமல் நிற்கவில்லை, மறுபடி மாத்திரை. வேலையை விட்டால் சோறு ஏது, மாத்திரையும் கையுமாக வந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், வாசல் பக்கம் தனிப் பாய். அதெல்லாம் மருமகள் சுமதி வைத்த ஏற்பாடு இல்லை, தனமே வைத்துக்கொண்டது. அப்போது சுமதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. டி.பி. ஒட்டிக்கொள்ளும் என்று பேரனைத் தூக்கமாட்டாள். அவன் தவழ்ந்து வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்து போவாள்.

பிறகு நான் வற்புறுத்திப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரும் கேட்காத கேள்வி அது. சொன்னோம். இது டி.பி. இல்லை, பீங்கான் மண்ணில் இருக்கிற கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இதற்கு சிலிகோசிஸ் என்று பேர் என்றாள். ஒட்டாது. ஆனால் குணமாக்கவும் மருந்து இல்லை. இனிமேல் தூசி பக்கமே போகாமல் இருந்தால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும் என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சாவுக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஒட்டாதாங்க்கா," என்றாள். "அப்ப எம் பேரனை நான் தூக்கியிருக்கலாமேக்கா."

யாரைச் சபிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் சபித்தேன்.

அப்போதுதான் செல்வம் ஒரு வழி சொன்னார். வாங்குகிற நாட்டோடு போட்ட வியாபார ஒப்பந்தத்தில் தொழிலாளிக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, வேலை செய்கிற இடத்தில் கேடு நடந்தால் தொழிலாளியே அந்த நாட்டு அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கலாம், விசாரிப்பார்கள் என்றார். தனம் இரண்டு விஷயம் கேட்டாள். தூசியை உறிஞ்சுகிற மெஷின் வைக்கணும். நோய் வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கணும். கம்பெனியை மூடு என்று அவள் கேட்கவில்லை, இதை எழுதிவைக்கிறேன், ஊர் வேறு மாதிரிப் பேசுகிறது.

கூட வேலை செய்த பெண்களுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு வந்த நோய்க்கு எங்கள் சோற்றில் மண்ணா என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அப்போதே இருமிக்கொண்டிருந்தவர்கள்தான். பரமசிவம் சார் எங்களைக் கூப்பிட்டார். முதலாளி மிரட்டச் சொல்லி அனுப்பியிருப்பார் என்று நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். "நான் தடுக்கலைம்மா. நீங்க கேக்கறது நியாயந்தான். ஆனா தப்புன்னு தெரிஞ்சா அவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டுக்கிட்டுக் குடுங்க" என்றார். பயமுறுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். செல்வத்திடம் கேட்டோம். தப்பு நிரூபணமானால் சரிசெய்ய வைப்பார்கள் என்று செல்வம் நம்பினார், நாங்களும் நம்பினோம். தப்பைக் கண்டுபிடித்தால் திருத்தத்தானே செய்வார்கள், வேறு என்ன செய்வார்கள்?

விசாரணை சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. ஏ.சி. குளிரில் தனத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விசாரித்த வெள்ளைக்காரம்மா தானே எழுந்துபோய் ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார், வெந்நீர் வரவழைத்தார். நல்ல மனுஷி, இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நான் கைப்பையிலிருந்து இரண்டு பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று ஆடிட்டு பொம்மை, இன்னொன்று அன்றாடம் செய்கிற பொம்மை. கண்ணை மூடி நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அந்தம்மா தடவினார். கோடு நிற்கிற பொம்மை உங்கள் நாட்டுக் கம்பெனி ஆள் சொன்னபடி செய்தது, அதைத்தான் அதே கம்பெனியின் இன்னொரு ஆள் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். தமிழில் சொன்னதை ஒரு பெண் மொழிபெயர்த்தாள். தனம் தன் எக்ஸ்ரேயைக் காட்டினாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவான சாட்சியம் தான் பார்த்ததில்லை என்று அந்தம்மா சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள்.

வரும் வழியில் சாப்பாட்டுக்குப் பஸ் நின்றது. தனம் பசிக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. இட்லி சாப்பிட்டோம். "அவங்களுக்குப் புரிஞ்சிப்போச்சுக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மெஷினை எந்தச் சுவரோரம் வைத்தால் எல்லார் மணைக்கும் எட்டும் என்று டேபிளில் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டினாள்.

புரிந்துதான் போயிற்று. அதுதான் வந்த வினை. புகார் முழுக்க உண்மை என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கம்பெனிச் சரக்கு இனிமேல் அந்த நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று தண்டனை போட்டார்கள். வாங்கிக்கொண்டிருந்தவன், தொழிலாளியைக் கொடுமைப்படுத்துகிற இடத்தில் இனி வாங்கமாட்டேன் என்று பெருமையாக அறிவித்துவிட்டு நகர்ந்துகொண்டான். கோடு இல்லாத பொம்மை வேண்டும் என்று கேட்டது யார் என்று அவனை யாரும் கேட்கவில்லை. மெஷின் வைக்கச் சொல்லவில்லை. வைத்தியம் பற்றி ஒரு வரி இல்லை. மழைக்காலத்தில் கம்பெனி மூடியது. பரமசிவம் சார்தான் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் ஒரு பொம்மையை எடுத்து நகத்தால் தடவினார், அப்புறம் வைத்துவிட்டார். என் உத்தியோகம் அப்படித்தான் முடிந்தது. எனக்காவது வயதாகியிருந்தது. சின்னப் பிள்ளை வைத்திருந்தவர்கள் கதி என்ன?

தனம் ரேஷன் கடையில் நின்றால் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். டி.பி. என்று நினைத்தபோது கூட அப்படி ஒதுங்கினதில்லை. ஒருநாள் காலையில் அவள் வாசலில் ஆடிட்டு பொம்மைகள் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, வாசல் முழுக்க. ஒவ்வொரு வீட்டு டி.வி. மேலிருந்தும் எடுத்து வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உடைக்கக்கூட இல்லை, நிற்க வைத்திருந்தார்கள். நான் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன், ஒரு கதவும் திறக்கவில்லை. தனம் என்னை உள்ளே வரச் சொன்னாள். முறத்தை எடுத்து வந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். குனிந்து நிமிர முடியாமல் நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பசிக்கு அவங்க என்ன செய்வாங்க, வுடுக்கா" என்றாள்.

கொஞ்ச நாளில் மங்கலம்பேட்டை ரோட்டில், ஒரு பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் வேலை நடக்கிறது என்று பேச்சு வந்தது. போர்டு கிடையாது. சுமதி அங்கே சேர்ந்தாள். என்ன வேலை என்று கேட்டால் சும்மா பேக்கிங் என்பாள். ஒரு சாயங்காலம் நான் தனத்தின் வீட்டில் இருந்தபோது சுமதி வந்தாள். முகம் கழுவித்தான் வந்திருந்தாள், ஆனால் காதுக்குப் பின்னால் வெள்ளை. பையன் விளையாட ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தாள், ஒரு பக்கச் சிறகு உடைந்தது. அதே தேவதை. தனம் வாங்கிக் கண்ணை மூடி நகத்தை இறக்கினாள். நகம் எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு செல்வம் விசாரித்துச் சொன்னார். கொட்டகைச் சரக்கு வேறொரு நாட்டு ஏஜெண்டு பேரில் போகிறது, அங்கே பெட்டி மாற்றி ஒட்டி, முன்னே வாங்கிக்கொண்டிருந்த ஆளுக்கே போய்ச்சேருகிறது. இங்கே ஆடிட்டும் கிடையாது. வருஷத்துக்கு ஒருநாள் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்ததும் போயிற்று.

தனம் மறுபடி புகார் கொடுக்கணும் என்றாள். ஆனால் அங்கே வேலை செய்கிற ஆள்தான் கொடுக்க முடியும். மாமியாரும் மருமகளும் அதற்குப் பிறகு சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை. தனம் கேட்பாள், சுமதி பாத்திரம் கழுவப் போய்விடுவாள். "ஈரத்துணி வெச்சாவது தேய்ம்மா" என்று தனம் கெஞ்சுவாள். பீஸ் ரேட்டு வேலையில், கோடு நின்ற பொம்மைக்கு யார் கூலி தருவார்கள்? இரண்டு பேருக்கும் அது தெரியும்.

தனம் இந்த வருஷம் போய்ச்சேர்ந்தாள். கடைசியில் படுக்க முடியாது, படுத்தால் மூச்சு நின்றுவிடும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். பேரன் அவள் மடியில்தான் உட்கார்ந்து கைபேசியில் விளையாடுவான், அது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது. ஒரு மத்தியானம் அப்படியே அடங்கிவிட்டாள். துக்கத்துக்குக் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள், அழுத எல்லாரும் இருமினார்கள்.

செல்வம் எழுதச் சொல்லி வந்த அன்றைக்கே இன்னொரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாகப் புகார் ஃபாரம் வந்திருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, சுமதி கையெழுத்துப் போட்டால் போதும், பேர் வெளியே வராது என்றார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தனத்துக்காகக் கேட்டால் மறுக்கமாட்டாள் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போனேன். சுமதி டீ போட்டுக் கொடுத்தாள். ஃபாரத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். பேசுவதற்கு முன்னால் அடக்கி அடக்கி இருமினாள், தனம் ஆரம்பத்தில் இருமின மாதிரியே.

"எனக்குத் தெரியாதா பெரிம்மா, எனக்கு என்ன வரப்போவுதுன்னு? அத்தைய கூட இருந்து பாத்தவ நான். வாங்கறத நிறுத்தாதீங்க, தூசிய நிறுத்துங்கன்னு எழுதறதுக்கு இதுல எடம் இருந்தா காட்டுங்க. இப்பவே கையெழுத்து போடறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபாரத்தை முதலிலிருந்து படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் படித்தேன். எந்தக் கம்பெனிச் சரக்கைத் தடுக்க வேண்டும் என்று எழுதத்தான் இடம் விட்டிருந்தார்கள்.